ஐ.பி. கேமராவும் என்.வி.ஆரும்: இன்டர்நெட் இல்லாமலே ஓடும் நெட்வொர்க்

வீட்டுக்குக் கேமரா போடப் போகிறோம் என்று தெருவில் வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு பாடம் எடுப்பார்கள். "நெட் கனெக்‌ஷன் இல்லாட்டி ஒண்ணும் பதிவாகாது." "எட்டு மெகாபிக்சல் போடுங்க, தெருக்கோடியில போறவன் முகம்கூடத் தெரியும்." "எல்லாம் தானா கிளவுட்ல ஏறிடும், கவலையே வேண்டாம்." இவற்றில் ஒன்றுகூட அப்படியே உண்மை இல்லை. சொல்பவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்லவும் இல்லை. ஹோல்டரில் மாட்டும் பல்பு கேமரா ஒன்றைப் பார்த்திருப்பார்கள். எல்லாக் கேமராவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த பிராண்டு வாங்கலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கேமரா எடுக்கும் படம் எந்த வழியாகப் போகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்பது பிடிபட்டுவிட்டால், கடைக்காரர் சொல்வதில் எது விஷயம், எது வியாபாரம் என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

மாவு மில்லும் வீட்டு மிக்ஸியும்

முதலில் பழைய முறை. அனலாக் கேமராவிலிருந்து, கடைகளில் '3+1' என்று கேட்டு வாங்கும் கேபிள் இறங்கும். அதற்குள் படத்துக்கு ஒரு கோஆக்சியல் வயர், கரண்டுக்கும் ஒலிக்கும் மெல்லிய வயர்கள் மூன்று. முனையில் படத்துக்கு பி.என்.சி. கனெக்டர், கரண்டுக்கு டி.சி. பின். இவை போய்ச் சேரும் இடம் டி.வி.ஆர். என்ற பெட்டி. கேமராக்களுக்கு 12 வோல்ட் கொடுக்க ஓர் எஸ்.எம்.பி.எஸ். அதன் பக்கத்தில் தொங்கும்.

இந்த அனலாக் கேமரா, அரிசியைக் காயவைத்து அப்படியே மாவு மில்லுக்குக் கொடுத்தனுப்பும் வீடு. அரைக்கிற வேலை முழுக்க மில்லில், அதாவது டி.வி.ஆரில். ஐ.பி. கேமரா வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்து, பாக்கெட் போட்டு, மேலே விலாசமும் எழுதி அனுப்பிவிடுகிறது. வந்த பாக்கெட்டை வாங்கி, தேதி வாரியாக அடுக்கிவைக்கும் கிடங்குதான் என்.வி.ஆர். என்கிற நெட்வொர்க் வீடியோ ரெக்கார்டர்.

அரைப்பது என்று சொன்னது வீடியோவைச் சுருக்குவதை. 1920×1080 பிக்சல் படம், நொடிக்கு 25 ஃபிரேம், பிக்சலுக்கு 24 பிட் என்று பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 1,244 மெகாபிட் வரும். இதைச் சேமிக்க எந்த ஹார்ட் டிஸ்க்கும் கட்டுப்படியாகாது. அதனால் கேமரா முழுப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்த சில நொடிகளுக்கு மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. அசையாத சுவரையும் கேட்டையும் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. இப்படிச் சுருக்கினால் நொடிக்கு 4 மெகாபிட்டிலேயே நல்ல படம் கிடைக்கும். முந்நூறில் ஒரு பங்கு. இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எச்.264 என்பது 2003-இல் வந்த கோடெக், எச்.265 அதற்கு அடுத்த தலைமுறை, 2013-இல் வந்தது. ஏறக்குறைய அதே தரத்துக்கு இது பாதி இடம்வரை மிச்சம் பிடிக்கும்.

சுருக்கும் வேலை கேமராவுக்குள் போய்விட்டதால், ஐ.பி. கேமரா என்பது வெறும் லென்ஸும் சென்சாரும் அல்ல. அதற்குள் ஒரு பிராசஸர் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, பல கேமராக்களில் லினக்ஸ் என்ற இயங்குதளம்கூட ஓடுகிறது. சுவரில் மாட்டிய சின்னக் கம்ப்யூட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் முதல் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இதுதான் இதன் அடிப்படை. கம்ப்யூட்டர் என்பதால் கம்ப்யூட்டருக்கு உண்டான எல்லாம் இதற்கும் உண்டு: விலாசம், பாஸ்வேர்டு, அப்டேட், சமயத்தில் மக்கர் செய்து ரீஸ்டார்ட் கேட்பது உட்பட.

ரூட்டரைக் கழற்றினாலும் பதிவாகும்

கேமராவும் என்.வி.ஆரும் பேசிக்கொள்ள வேண்டியது உங்கள் வீட்டுக்குள்ளேதான். மாடியிலிருந்து ஹாலுக்கு வரும் அந்த கேபிளே நெட்வொர்க். கட்டடத்துக்குள் இருக்கும் இப்படிப்பட்ட நெட்வொர்க்கை லேன் என்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.10 என்பதுபோல ஓர் எண் இருக்கும், அதுதான் ஐ.பி. விலாசம். என்.வி.ஆர். அந்த எண்ணைக் கூப்பிட்டு "படத்தைக் கொடு" என்கிறது, கேமரா கொடுக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகிறது. இந்த வழியில் எங்கேயும் இன்டர்நெட் வரவில்லை. பிராட்பேண்டு பில் கட்டாமல் விட்டாலும், வயல் நடுவே உள்ள மோட்டார் ரூமில் கனெக்‌ஷனே இல்லாவிட்டாலும் பதிவு பாட்டுக்கு நடக்கும்.

இன்டர்நெட் தேவைப்படுவது முக்கியமாக இரண்டு சங்கதிக்கு: நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு செல்போனில் பார்ப்பதற்கும், போனுக்கு அலர்ட் வருவதற்கும். என்.வி.ஆரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கோடை ஆப்பில் ஸ்கேன் செய்கிறீர்கள் அல்லவா, அப்போது அந்தக் கம்பெனியின் சர்வர் உங்கள் போனையும் பெட்டியையும் அறிமுகம் செய்துவைக்கிறது. படம் அப்போதும் உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. தனியாகச் சந்தா கட்டி கிளவுட் ரெக்கார்டிங் வாங்கினால் ஒழிய எதுவும் தானாக மேலே ஏறாது. ஆகவே திருடன் என்.வி.ஆரையே தூக்கிக்கொண்டு போனால் காட்சியும் அவனோடு போய்விடும். பெட்டியை வரவேற்பறை டி.வி.க்குக் கீழே அழகாக வைப்பதைவிட, பூட்டிய அலமாரியில், காற்றுப் போக இடம் விட்டு வைப்பது நல்லது.

போனில் பார்க்கும்போது படம் மங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கேமரா ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்களை அனுப்புகிறது. தரமானது பதிவுக்கு, மெயின் ஸ்ட்ரீம். சின்னது போனுக்கு, சப் ஸ்ட்ரீம். ஆப் வழக்கமாகச் சின்னதைத்தான் முதலில் காட்டும். போனில் சுமாராகத் தெரிகிறதே என்று கேமராவைக் குறை சொல்லும் முன், எச்.டி. பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சுருக்கமாக: படத்தைச் சுருக்குவது கேமரா, சேமிப்பது என்.வி.ஆர்., இரண்டுக்கும் நடுவே உள்ளது வீட்டு நெட்வொர்க். இன்டர்நெட் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு மட்டும்.

ஒரே கேபிளில் படமும் கரண்டும்

என்.வி.ஆர். முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏமாற்று வேலை அதிகம் நடக்கும் பகுதியும் இதுதான். நெட்வொர்க் கேபிள் ஒன்றே படத்தையும் கொண்டுவரும், கேமராவுக்குக் கரண்டையும் கொண்டுபோகும். இந்த ஏற்பாட்டுக்கு பி.ஓ.இ. என்று பெயர். 2003-இல் வந்த 802.3ஏ.எஃப். தரநிலைப்படி ஒரு போர்ட்டிலிருந்து, அதாவது கேபிள் செருகும் துளையிலிருந்து, 15.4 வாட் வரை கொடுக்கலாம். வீட்டுக் கேமராக்களுக்கு அது தாராளம். தலையைத் திருப்பிச் சுழலும் பெரிய கேமராக்களுக்கு 2009-இல் வந்த 802.3ஏ.டி. தரநிலை 30 வாட் தருகிறது.

சுமார் 48 வோல்ட் கேபிளில் ஓடுகிறதே, தப்பித் தவறி லேப்டாப்பைச் செருகினால் எரிந்துவிடாதா? எரியாது. தரநிலைப்படி செய்த போர்ட், எதிர்முனையில் இருப்பது பி.ஓ.இ. கருவிதானா என்று சிறு மின்னழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே முழுக் கரண்டை விடும். சந்தையில் 'பாசிவ் பி.ஓ.இ.' என்று மலிவாக வருபவை இப்படிக் கேட்டுச் செய்வதில்லை, எடுத்த எடுப்பில் கரண்டை ஏற்றிவிடும். இரண்டையும் கலக்காதீர்கள்.

இப்போது கேபிள். கேட் 5இ அல்லது கேட் 6 ரகம், நீளம் 100 மீட்டருக்குள் என்பதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது சி.சி.ஏ. பற்றி: அலுமினியக் கம்பிமேல் மெல்லிதாகச் செம்பு பூசியது. வெளியே உறையில் கேட் 6 என்றே அச்சிட்டிருக்கும், விலை மட்டும் கணிசமாகக் குறைவாக இருக்கும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நீளமான கேபிளில் கேமரா முனைக்கு வந்து சேரும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். பகல் முழுக்கக் கேமரா ஒழுங்காக ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு எல்.ஈ.டி.கள் எரியத் தொடங்கும், கரண்டு கூடுதலாக இழுக்கும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், கேமரா அணைந்து திரும்ப எழும். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ராத்திரிக் காட்சியில் மட்டும் துண்டு துண்டாக ஓட்டை. கேமராவை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் கோளாறு போகாமல் அலைபவர்கள் உண்டு. வாங்கும் முன் கடையிலேயே ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் சரி; வெள்ளி நிறம் பளிச்சிட்டால் வேறு கடை பாருங்கள்.

முனையில் ஆர்.ஜே.45 கனெக்டரை கிரிம்ப் செய்யும்போது, அதாவது இடுக்கியால் அழுத்தி மாட்டும்போது, கம்பிகளின் நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையும் ஒரே வரிசை. கேமரா பக்கத்து முனையை மழை படாத ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைக்கச் சொல்லுங்கள். அந்த முனையில் தண்ணீர் இறங்கினால் பின்கள் பச்சை பூத்துப்போகும்.

பி.ஓ.இ.க்கு இன்னொரு லாபம், கரண்டு போகும் நேரத்தில். எல்லாக் கேமராவுக்கும் கரண்டு ஒரே பெட்டியிலிருந்து போவதால், அந்தப் பெட்டியை மட்டும் யூ.பி.எஸ்.ஸில் போட்டால் போதும், மொத்த அமைப்பும் ஓடும்.

பெட்டியின் பின்னால் செருகுவதா, தனி ஸ்விட்சா?

சில என்.வி.ஆர்.களின் முதுகிலேயே நான்கு அல்லது எட்டு பி.ஓ.இ. போர்ட்டுகள் இருக்கும். கேமராவை அதில் நேராகச் செருகினால் பெட்டியே அதற்கு ஒரு விலாசம் கொடுத்து, பாஸ்வேர்டும் வைத்து, படத்தைக் காட்டிவிடும். இந்தக் கேமராக்கள் பெட்டிக்குள் இருக்கும் தனிக் குட்டி நெட்வொர்க்கில் இருப்பதால், வீட்டு லேப்டாப்பிலிருந்து நேரடியாக எட்டாது. புதிதாகச் செய்பவர்களுக்கு இதுவே போதும், பாதுகாப்பும் கூட.

போர்ட் இல்லாத பெட்டி என்றால் தனியாக ஒரு பி.ஓ.இ. ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைத்து, கேமராக்களுக்குக் கரண்டும் கொடுக்கும் பெட்டி) வாங்கி, கேமராக்களையும் என்.வி.ஆரையும் அதில் செருக வேண்டும். கேமராக்கள் தூரத்தில் ஒரே பக்கமாக இருந்தால் இது வசதி: ஸ்விட்சை அங்கே வைத்துவிட்டு, பெட்டிவரை ஒரே கேபிள் இழுக்கலாம். இந்த முறையில் விலாசத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். புதுக் கேமராக்கள் சில தொழிற்சாலை விலாசத்தோடு வரும். ஹைக்விஷன் என்றால் 192.168.1.64, டாஹுவா என்றால் 192.168.1.108. ஒரே கம்பெனியின் நான்கு புதுக் கேமராக்களை ஒன்றாகச் செருகினால் நான்குக்கும் ஒரே விலாசம் இருக்கலாம். அப்போது ஒன்று தெரியும், மற்றது மறையும். ஒவ்வொன்றாகச் செருகி, விலாசத்தை மாற்றி, அப்புறம் அடுத்ததைச் செருகுங்கள்.

ஒரு கம்பெனி கேமராவை இன்னொரு கம்பெனி என்.வி.ஆரில் போடலாமா? பெரும்பாலும் போடலாம். ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொது ஒப்பந்தம் அதற்காகத்தான். இரண்டும் ஆன்விஃப் ஏற்பவையாக இருந்தால் படம் வரும். மனிதன் வந்தால் மட்டும் அலர்ட் கொடுப்பது போன்ற விசேஷ வசதிகள் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில கேமராக்களில் ஆன்விஃப் அணைத்தே வரும். அமைப்புகளில் போய் இயக்க வேண்டும்.

எத்தனை நாள் நிற்கும்?

"ரெண்டு டிபி போட்டா ஒரு மாசம் வரும்" என்பார்கள். வருமா? ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது. 8 பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆக 43,200 மெகாபைட், அதாவது நாளுக்கு 43 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 173 ஜி.பி. 2 டி.பி. டிஸ்க்கில் பதினொரு நாளுக்குச் சற்று மேல். எச்.265-க்கு மாறி ஓட்டத்தை 2 மெகாபிட்டாகக் குறைத்தால் இருபத்து மூன்று நாள். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் இன்னும் நீளும். ஆனால் ஏதாவது தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு. கடை என்றால் இடைவிடாத பதிவுதான் நல்லது என்பேன்.

டிஸ்க் நிரம்பினால் பதிவு நின்றுவிடாது. மிகப் பழையதை அழித்து அதன்மேல் புதியது எழுதப்படும். அதனால்தான் மூன்று வாரம் கழித்து "அன்னைக்கு நடந்ததைக் காட்டுங்க" என்று வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே வரும் ரகமாகக் கேளுங்கள், டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போல. கம்ப்யூட்டர் டிஸ்க் எழுதும், இளைப்பாறும். இது இருபத்து நான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மெகாபிக்சல் மட்டும் போதாது, லென்ஸையும் பாருங்கள்

ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். இந்த எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும்.

சாதாரணமாகக் கடையில் கொடுப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது கிட்டத்தட்ட 100 டிகிரி அகலமாகப் பார்க்கும். பத்து மீட்டர் தள்ளி அதில் அடங்கும் அகலம் சுமார் 24 மீட்டர். 4 மெகாபிக்சல் கேமராவின் 2,560 பிக்சலை 24 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 107-தான். 8 மெகாபிக்சலுக்கு மாறினாலும் 160; முகம் தெரியாது. அதே 4 மெகாபிக்சல் கேமராவை 6 மில்லிமீட்டர் லென்ஸோடு வாங்கினால், சுமார் 50 டிகிரி மட்டும் பார்க்கும், பத்து மீட்டரில் அகலம் ஒன்பது மீட்டர் சொச்சம், மீட்டருக்கு 275 பிக்சல். முகம் தெரியும்! கூடுதல் காசு கொடுத்து மெகாபிக்சல் ஏற்றியவரைவிட, லென்ஸ் பார்த்து வாங்கியவருக்கு நல்ல படம். ஆகவே முற்றம் முழுக்கக் காட்ட ஓர் அகலக் கேமரா, கேட்டை மட்டும் குறிவைத்து ஒரு குறுகல் கேமரா என்று பிரித்து வாங்குங்கள். கேட் கேமராவைச் சன்ஷேடுக்கு மேலே ஏற்றிவிடாதீர்கள். உச்சந்தலையும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும்.

ராத்திரிக்கு இரண்டு விஷயம். கேமராவுக்கு ஒட்டினாற்போல வெள்ளைச் சுவரோ சன்ஷேடோ இருந்தால் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகும். அப்புறம் சிலந்தி. அந்த இளஞ்சூட்டுக்கும் அதைத் தேடி வரும் பூச்சிக்கும் லென்ஸ் முன்னாலேயே வலை பின்னும். விடிய விடிய போனில் அலர்ட் வந்துகொண்டே இருந்தால் திருடன் அல்ல, அநேகமாகச் சிலந்திதான். மாதம் ஒருமுறை ஒட்டடைக்குச்சி.

பாஸ்வேர்டு

2016-இல் மிராய் என்ற தீநிரல், உலகெங்கும் இருந்த கேமராக்களிலும் டி.வி.ஆர்.களிலும் புகுந்தது. பெரிய மாயம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை ஐ.பி. விலாசமாக மாற்றிச் சொல்லும் சேவை நடத்திய டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. இப்போது வரும் பெட்டிகள் முதல்முறை இயக்கும்போதே பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் கேமரா மாட்ட வருபவர் தனக்கு வசதியாக எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போவது சகஜம். அவர் கிளம்பும் முன் அவர் எதிரிலேயே மாற்றுங்கள். ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து பெட்டியை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடவும் வேண்டாம்; ஆப் வழியே பார்க்க அது தேவையே இல்லை.

முதல் நாள் மாலை

தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் பாருங்கள். சீனாவிலிருந்து வரும் சில பெட்டிகளில் ஜி.எம்.டி.+8 என்றே இருக்கும். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி பதினொன்றுக்கு நடந்தது மறுநாள் ஒன்றரை மணிக் காட்சியாகப் பதிவாகியிருக்கும். +5:30-க்கு மாற்றிவிட்டு, இன்டர்நெட் இருந்தால் நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்.டி.பி. வசதியை இயக்குங்கள்.

பிறகு பென்டிரைவைச் செருகி ஐந்து நிமிடக் காட்சியை எடுத்து, அதை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். நேரலை ஓடுகிறது என்பதால் பதிவும் ஆகிறது என்று அர்த்தமில்லை. டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய மறந்துவிட்டாலும் நேரலை ஜோராக ஓடும். எப்போதாவது காட்சியைப் போலீஸில் கொடுக்க நேர்ந்தால், கைப்பேசியால் திரையைப் படம் பிடித்துக் கொடுப்பது போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கேட்கிறது. எந்தக் கருவியில் பதிவானது என்பதும் அதில் வரும். எனவே என்.வி.ஆரின் மாடலையும் சீரியல் எண்ணையும் குறித்துவையுங்கள். காட்சி வேண்டும் என்று தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள், பதினொரு நாளில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.